விளையாட்டில் எழுவாய் யார்?

'வீரன் இளவரசியை மீட்டான்.' இந்த வாக்கியத்தில் எழுவாய் எது, பயனிலை எது, செயப்படுபொருள் எது என்று கேட்டால் ஆறாம் வகுப்பு மாணவரும் தயங்காமல் சொல்லிவிடுவார். வீரன் எழுவாய். மீட்டான் என்பது பயனிலை. இளவரசியோ 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்றுக்கொண்டு செயப்படுபொருளாக நிற்கிறாள். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்த ஒரே வாக்கியத்தை மூலதனமாகக் கொண்டு ஒரு பெரிய தொழில் உலகெங்கும் வளர்ந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? நீங்கள் 'கேம்' என்று சொல்லும் வீடியோ விளையாட்டைத்தான் குறிப்பிடுகிறேன்.

வீடியோ விளையாட்டு நல்லதா, கெட்டதா? கண் கெடுமா, படிப்புக் கெடுமா? இந்தப் பட்டிமன்றம் நமக்கு இங்கே வேண்டாம். அதை வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்கள் நாள்தோறும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்வது வேறு கேள்வி. விளையாட்டுக்குள் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் ஆணுக்கு என்ன வேலை, பெண்ணுக்கு என்ன வேலை? அப்படிப் பிரித்தது யார்?

சினிமாவில் கதாநாயகன் குதித்தால் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விளையாட்டில் நாம் விசையை அழுத்தினால்தான் அவன் குதிப்பான். ஆகவே விளையாட்டின் கதை வினைச்சொற்களால் கட்டப்பட்டது எனலாம். ஓடு, குதி, அடி, எடு, திற, தப்பு என்று ஒவ்வொரு விசைக்கும் ஒரு வினை. பெண் பாத்திரத்தை எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார்கள், அவள் எவ்வளவு வீரமாக வசனம் பேசுகிறாள் என்பதெல்லாம் இரண்டாவது. அவளுக்கென்று ஒரு விசையாவது உண்டா என்பதே முதல் கேள்வி. விசை இல்லாத பாத்திரம், வண்ணப்படத்தில் வரும் மரத்துக்கும் மலைக்கும் சமம்.

நாற்பது கிலோபைட்டில் ஒரு கதை

1981-ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'டாங்கி காங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் ஷிகேரு மியாமோட்டோ. ஒரு மனிதக் குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு இரும்புச் சட்டங்களின் உச்சியில் போய் நிற்கிறது. உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டி, ஏணிகளில் ஏறி, ஒருவன் அவளை மீட்க வேண்டும். முதலில் 'பாப்பாய்' என்ற அமெரிக்கச் சித்திரக்கதையின் பாத்திரங்களைப் பயன்படுத்தவே நினைத்தார்கள். அதற்கு உரிமம் கிடைக்காததால் புதிய பாத்திரங்களை உருவாக்கினார்கள். கதாநாயகனுக்குக் 'குதிக்கும் மனிதன்' என்ற பொருளில் 'ஜம்ப்மேன்' என்று பெயர். பிறகு அவனே 'மாரியோ' ஆனான். அந்தப் பெண்ணுக்கு முதலில் இருந்த பெயர் 'லேடி', அதாவது 'பெண்மணி'. அவ்வளவுதான்! 'பாலின்' என்ற பெயர் அவளுக்குப் பின்னால்தான் வந்தது. வினை இருந்தவனுக்கு வினையாலேயே பெயர். வினை இல்லாதவளுக்குப் பொதுப்பெயர்.

1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இன்னும் புகழ் பெற்றது. அதில் எட்டு உலகங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கோட்டை. முதல் ஏழு கோட்டைகளிலும் இளவரசி இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்ற செய்திதான் காத்திருக்கும். எட்டாவதில் அவள் நிற்பாள். விளையாட்டு முழுவதும் அவளுக்கு இருக்கும் வேலை, அங்கே இல்லாமல் இருப்பதுதான்!

இதை உருவாக்கியவர்கள் பெண்களை வெறுத்தவர்களா? அப்படிச் சொல்வது அவசரத் தீர்ப்பு. இதற்கு ஒரு பொறியியல் காரணமும் உண்டு. அந்த விளையாட்டு முழுவதும் வெறும் 40 கிலோபைட் நினைவகத்தில் அடங்கியிருந்தது. படம், இசை, எதிரிகள், 32 கட்டங்கள், எல்லாமே அதற்குள்தான். நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கட்டுரையின் எழுத்துகளைக் கணிப்பொறியில் சேமித்தாலே 40 கிலோபைட்டைத் தாண்டிவிடும். ஏனெனில் இன்றைய முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்குப் பெரும்பாலும் மூன்று பைட் ஆகிறது. அவ்வளவு சிறிய இடத்தில் 'நீ ஏன் ஓடுகிறாய்?' என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். எந்த மொழிக்காரருக்கும், எந்த வயதினருக்கும் ஒரே படத்தில் புரிய வேண்டும். கடத்தப்பட்ட இளவரசியைவிட மலிவான விடை அவர்களுக்கு அகப்படவில்லை.

மலிவாகக் கிடைத்ததன் காரணம், அது ஏற்கெனவே எல்லோர் மனத்திலும் இருந்ததுதான். ரஷ்ய அறிஞர் விளாதிமிர் புரோப் 1928-இல் ஒரு நூல் வெளியிட்டார். நூறு ரஷ்ய மாயக் கதைகளை எடுத்து, தாவரவியல் அறிஞர் பூவைப் பிரிப்பதுபோல அவற்றைப் பிரித்துப் பார்த்தார். கதைகள் பலவானாலும் அவற்றில் நிகழும் செயல்கள் 31 வகைக்குள் அடங்கின. பாத்திரங்களின் பணிகளோ ஏழே ஏழு. வீரன், வில்லன், அனுப்பி வைப்பவர், உதவியாளர், மாயப்பொருள் தருபவர், பொய் வீரன், கடைசியாக இளவரசியும் அவள் தந்தையும். கவனியுங்கள், இளவரசிக்குத் தனிப் பணிகூட இல்லை. தந்தையோடு சேர்த்துத்தான் ஒன்று! புரோப் இதைக் கண்டுபிடித்தாரே தவிர, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. விளையாட்டு வடிவமைத்தவர்களோ பழைய அச்சில் புதிய மாவை வார்த்தார்கள்.

கல்லில் வடித்த அதே கதை

ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போவானேன்? பென்னாகரத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் உள்ள தருமபுரி நகரின் அகழ்வைப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். வரிசையாக நடுகற்கள் நிற்கும். ஆநிரையைப் பகைவர் கவர்ந்து செல்ல, அதை மீட்கப் போரிட்டு மாண்ட வீரனுக்கு நட்ட கற்கள் அவற்றில் பல. ஒரு கையில் வில், மறு கையில் வாள், காலடியில் மாடு. வெட்சி, கரந்தை என்று நீங்கள் புறப்பொருளில் படிப்பது இதைத்தான். 'வீரன் ஆநிரையை மீட்டான்' என்ற வாக்கியத்தில் ஆநிரை இருந்த இடத்தில் இளவரசியை வைத்தால் மாரியோ தயார்.

இந்தக் கற்களில் பெண் எங்கே வருகிறாள்? சில கற்களில் மாண்டவனை மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் தேவமகளாக வருகிறாள். சில கற்களில் அவனோடு உடன்கட்டை ஏறியவளாக, ஒரு கையை உயர்த்தியபடி நிற்கிறாள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனுடன் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நாயின் பெயரை நாம் அறிவோம். ஏன்? கடித்தது, காத்தது என்ற இரண்டு வினைகள் அதற்கு இருந்தன. நாயின் புகழில் எனக்குப் பொறாமை கிடையாது. வினை கிடைத்தால் பெயரும் நிலைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடினாலும் கிடைக்காது என்பதற்காகவே சொல்கிறேன்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். 'மீட்பது நல்ல செயல்தானே? அதில் என்ன குற்றம்?' என்பார். குற்றமே இல்லை. மீட்புக் கதையை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எப்போதும் ஒருவரே மீட்பவராகவும் மற்றவரே மீட்கப்படுபவராகவும் இருப்பதுதான் கேள்வி. சாவித்திரி கதையில் கணவனை மீட்பவள் மனைவி. அதுவும் எப்படி? யமனோடு வாதாடி! கத்தியும் இல்லை, குதிப்பும் இல்லை.

பேசுவது ஏன் கடினம்?

நமக்கு வேண்டிய அறிவியல் செய்தி இங்கேதான் இருக்கிறது. சாவித்திரியைப் போன்ற கதாநாயகி விளையாட்டுகளில் ஏன் அதிகம் வரவில்லை?

'குதி', 'அடி', 'சுடு' என்ற வினைகளைக் கணிப்பொறிக்குச் சொல்லித் தருவது எளிது. திரையில் வீரனைச் சுற்றி ஒரு செவ்வகம், எதிரியைச் சுற்றி ஒரு செவ்வகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா? இதன் இடது விளிம்பு அதன் வலது விளிம்புக்கு இடப்பக்கம் இருக்கிறதா என்பது போன்ற நான்கே ஒப்பீடுகள் போதும். வரைபடத்தாளில் நீங்களே செய்து பார்க்கலாம். பழைய இயந்திரங்கள்கூட இதை நொடிக்கு 60 முறை செய்துவிடும். அடி பட்டதா இல்லையா, உயிர் போயிற்றா இல்லையா, எல்லாம் எண்கணக்கு.

'சமாதானப்படுத்து', 'வாதாடு', 'ஆறுதல் சொல்', 'நோயாளியைக் கவனி' என்ற வினைகளுக்கு எந்தச் செவ்வகத்தை வரைவீர்கள்? இவை கணிப்பொறிக்குக் கடினமானவை. சமுதாயமோ ஏற்கெனவே ஓடுவதையும் அடிப்பதையும் ஆணுக்கு ஒதுக்கி, ஆறுதல் சொல்வதையும் கவனித்துக்கொள்வதையும் பெண்ணுக்கு ஒதுக்கி வைத்திருந்தது. கணிப்பொறிக்கு எளிதான வினைகளெல்லாம் ஆணின் பங்கில் விழுந்தன. கடினமானவையெல்லாம் பெண்ணின் பங்கில் விழுந்தன. இயந்திரத்தின் குறையும் மனிதரின் பழக்கமும் கைகோத்துக்கொண்டன. வில்லன் ஒருவனைத் தேடுவதைவிட இப்படிப் பார்ப்பதே உண்மைக்கு நெருக்கம் என்று நினைக்கிறேன்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1980-இல் 'பேக்மேன்' விளையாட்டை உருவாக்கிய டோரு இவாடானி, விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வர வேண்டும் என்று விரும்பினார். அதற்காகச் சுடுவதை விட்டுவிட்டு வேறொரு வினையைத் தேடினார். அவருக்குக் கிடைத்த வினை 'தின்னு'! பெண்கள் என்றால் தின்பண்டம் என்று அவர் நினைத்ததற்கு நாம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் விளையாட்டை மாற்ற வேண்டுமானால் முதலில் வினையை மாற்ற வேண்டும் என்ற அவருடைய வழி சரியானது.

இப்போது தகடூருக்கு வருவோம். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் தொண்டைமானுக்கும் போர் மூளும் நிலை. ஔவையார் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். நெய் பூசி, அழகுபடுத்தி, புதிதாக அடுக்கி வைத்திருக்கும் ஆயுதங்களைப் பார்த்து, எங்கள் அரசனின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்ற கருத்தில் ஔவையார் பேசுகிறார். புகழ்வதுபோல் இகழ்ச்சி, இகழ்வதுபோல் புகழ்ச்சி! பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மற்றோர் ஔவைக் கதை நெல்லிக்கனி. அங்கே அதியமான் எழுவாய், நெல்லிக்கனி செயப்படுபொருள், ஔவைக்கு நான்காம் வேற்றுமை, பெற்றுக்கொள்பவர். கனியை வாங்கிய ஔவையைத்தான் நாம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறோம். தூது போன ஔவையை அவ்வளவாக இல்லை. இதுவும் யோசிக்கத்தக்கது.

ஔவையின் தூதை விளையாட்டாக்க முடியுமா? ஔவை பேசும் ஒவ்வொரு முறையும் ஆடுபவருக்கு மூன்று பேச்சுகள் கொடுப்போம். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கேற்பத் தொண்டைமான் பதில் சொல்வான். மறுபடியும் மூன்று. இப்படிப் பத்து முறை போனால் எத்தனை வழிகள்? மூன்றைப் பத்து முறை பெருக்குங்கள்: 59,049. அத்தனை முடிவுகளையும் ஒருவர் உட்கார்ந்து எழுத முடியுமா? ஒரு நாளைக்குப் பத்து முடிவு எழுதினாலும் பதினாறு ஆண்டுகள் ஆகும். குதிக்கும் விளையாட்டை நோக்கி எல்லோரும் ஏன் ஓடினார்கள் என்று இப்போது புரிகிறதல்லவா?

தீர்வும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பென்னாகரத்திலிருந்து சற்றேறக்குறைய 16 கிலோமீட்டர் போனால் ஒகேனக்கல். அங்கே காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிகிறது. பிரிந்த கிளைகளெல்லாம் பிரிந்தே போய்விடுகின்றனவா? இல்லை. கீழே மறுபடி கூடிவிடுகின்றன. மேட்டூருக்குப் போய்ச் சேர்வது ஒரே காவிரிதான். கதையையும் அப்படிப் பின்னலாம். தொண்டைமானின் மனநிலையை மகிழ்ச்சி, ஐயம், கோபம் என மூன்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பேச்சைத் தேர்ந்தாலும் அடுத்த கட்டத்தில் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து சேர வேண்டும். பத்துக் கட்டங்களுக்கு முப்பது காட்சிகள் போதும். 59,049 எங்கே, முப்பது எங்கே! இன்று கதைக்கு முதலிடம் தரும் விளையாட்டுகள் பலவும் இப்படிப் பிரிந்து கூடும் முறையில்தான் எழுதப்படுகின்றன. 'பேசு' என்ற வினைக்கு இனி இயந்திரம் தடையில்லை.

தடை நீங்கியபின்?

நினைவகம் பெருகிவிட்டது. கதாநாயகிகளும் வந்துவிட்டார்கள். 1986-இல் 'மெட்ராய்டு' விளையாட்டில் விண்வெளிக் கவசம் அணிந்து போரிடும் சாமஸ் ஒரு பெண் என்பது, வேகமாக ஆடி முடித்தவர்களுக்குக் கடைசியில்தான் தெரியவந்தது. விளையாட்டோடு வந்த ஆங்கிலக் கையேடுகூட 'அவன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது! 1988-இல் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண் வடிவமைப்பாளர், நோயுற்ற தந்தையைக் காக்கக் கனி தேடிப் போகும் ரோசெல்லாவைக் கதாநாயகியாக வைத்தார். 1996-இல் 'டூம் ரைடர்' விளையாட்டின் லாரா கிராஃப்ட் வந்தாள். ஓடவும் சுடவும் மலையேறவும் எல்லா விசைகளும் அவளிடம். ஆனால் அவளுடைய உருவத்தை வரைந்த விதம் ஆண்களின் கண்ணைக் கவர்வதற்காக இருந்தது. வினை அவளிடம், பார்வை வேறொருவரிடம். 2020-இல் புனே நகரத்து இளைஞர்கள் 'ராஜி' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அசுரன் கடத்திச் சென்ற தம்பியை அக்காள் மீட்கிறாள். துர்க்கையும் திருமாலும் கதை சொல்கிறார்கள். வாக்கியம் அப்படியே திரும்பிவிட்டது.

இன்னொன்று. 1986 முதல் நின்டெண்டோ வெளியிட்டுவரும் ஒரு விளையாட்டு வரிசைக்கு 'செல்டா' என்ற இளவரசியின் பெயர்தான். ஆனால் ஆடுபவர் கையில் இருப்பவன் லிங்க் என்ற இளைஞன். அந்த முதன்மை வரிசையில் செல்டாவே கதாநாயகியானது 2024-இல். முப்பத்தெட்டு ஆண்டுகள்! டோமோமி சானோ என்ற பெண் அந்த விளையாட்டின் இயக்குநர்களில் ஒருவர். செல்டாவுக்குக் கொடுத்த முக்கிய வினை வெட்டுவது அன்று; மேசை, கட்டில், அரக்கன் என்று தான் கண்டவற்றின் நகலை உருவாக்கி, அவற்றைக்கொண்டு வழி கண்டுபிடிப்பது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? எண்ணிப் பார்த்தவர்கள் இல்லை என்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஐம்பது கதை விளையாட்டுகளை எடுத்து, 13,000-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் பேசும் சொற்களைக் கணிப்பொறியால் எண்ணி, 2023-இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். ஆண் பாத்திரங்கள் பேசும் சொற்கள், பெண் பாத்திரங்கள் பேசுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நூற்றுக்கு 94 விளையாட்டுகளில் ஆண் பேச்சே அதிகம். பெண்களே கதாநாயகிகளான விளையாட்டுகள் சிலவும் இதில் அடக்கம்! கதாநாயகி பெண்தான். ஆனால் அவள் வழியில் சந்திக்கும் கடைக்காரர், காவலர், அரசர், வழிப்போக்கர் எல்லோரும் ஆண்கள். மன்னிப்புக் கேட்பதும் தயங்குவதும் பெண் பாத்திரங்களிடமே மிகுதி என்றும் அவர்கள் கண்டார்கள். 'பெண்கள் வாயாடிகள்' என்ற பழமொழிக்காரர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

கதாநாயகனின் தலையைக் கழற்றிவிட்டுப் பெண் தலையை மாட்டினால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் கூத்தைப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவு விடிய விடியக் கூத்து நடக்கும். திரௌபதி வேடம் கட்டுபவர் பெரும்பாலும் ஆண். ஆனால் கதையில் எழுவாய் யார்? துகிலுரியும் காட்சியில் அவள் செயப்படுபொருளாகத்தான் இழுத்து வரப்படுகிறாள். 'தன்னைத் தோற்றவன் என்னை வைத்து ஆட முடியுமா?' என்ற கருத்தில் அவள் ஒரு கேள்வி கேட்கிறாள். சபையில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கணத்திலிருந்து அவள் எழுவாய். கூந்தலை முடியமாட்டேன் என்ற அவளுடைய சபதம்தான் பதினெட்டாம் போர் வரை கதையை இழுத்துக்கொண்டு போகிறது. படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் கிடக்க, அவள் கூந்தலை முடிகிறாள். கதாயுதம் சுழற்றியவன் வீமன்தான். ஆனால் கதையின் கயிறு அவள் கையில் இருந்தது. ஆண் நடித்தாலும் அது பெண்ணின் கதை; பெண் உருவம் போட்டாலும் சில விளையாட்டுகள் ஆணின் கதை. வேடம் வேறு, கதையமைப்பு வேறு.

தமிழரே செய்த ஒரு விளையாட்டையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023-இல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்ற பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின். இதுதான் குடும்பம். இதில் யாரும் யாரையும் சுடுவதில்லை. வினை, சமைப்பது. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன படிகளை ஆடுபவர் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் இட்லி நசுங்காமல் வேகும் என்பதுகூட ஒரு புதிர். நீராவி எப்படி மேலே வரும் என்று யோசித்தால் விடை கிடைக்கும், அதுவும் இயற்பியல்தான்! 2024-இல் இதற்குப் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்கான விருதை வழங்கியது.

'பெண்ணை மறுபடி அடுப்பங்கரைக்கே அனுப்பிவிட்டார்களே!' என்று சிலர் குறைபடலாம். நியாயமான கேள்வி. ஆனால் விளையாட்டை முழுதாகப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் நடக்கும் வேலையில் யோசனையும் தவறும் திருத்தமும் உண்டு என்பதை ஆடுபவரின் விரல் உணர்கிறது. அதைவிட முக்கியம், பிற்பகுதியில் வளர்ந்துவிட்ட மகன் அரைகுறைத் தமிழில் அம்மாவின் குறிப்பைத் தட்டுத்தடுமாறிப் படித்துத் தானே சமைக்கிறான். வினை மகனின் கைக்கு மாறுகிறது. சமையலறையில் பெண்ணை வைப்பது பழைய கதை. ஆணையும் உள்ளே அழைத்து வந்து, அவனுக்கு அது கடினம் என்று காட்டுவது புதிய கதை.

விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். நாம் அன்றாடம் பேசும் தமிழைக் கொஞ்சம் கவனியுங்கள். பெண் பார்த்தார்கள். பெண் கேட்டார்கள். பெண் கொடுத்தார்கள். பெண் எடுத்தார்கள். கட்டிக்கொடுத்தார்கள். இந்த வாக்கியங்கள் எதிலாவது பெண் எழுவாயாக இருக்கிறாளா? பிறந்த பெண் குழந்தையைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்த வேண்டியிருந்த மாவட்டம் நம்முடையது. அதற்கு மாரியோ காரணம் என்று நான் சொன்னால் அது அறிவியல் ஆகாது. வீடியோ விளையாட்டு வருமுன்பே அந்தக் கொடுமை இருந்தது. ஆனால் ஒரே வாக்கியத்தை நடுகல்லிலும் கேட்டு, வீட்டிலும் கேட்டு, இப்போது செல்போனிலும் விரலால் அழுத்தி அழுத்திப் பழகினால் அது இயற்கையின் சட்டம்போலத் தோன்றிவிடும். பென்னாகரத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், 'மேலே படிக்கிறேன்' என்று வீட்டில் சொல்லும்போது அவள் எழுவாயாகப் பேசுகிறாள். கேட்பவர்கள் காதில் அது இலக்கணப் பிழைபோல ஒலிக்கக் கூடாதல்லவா?

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த முறை நீங்கள் ஆடும்போது பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் ஆடத் தங்கை எழுதலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். இந்த மாற்றிக்கொள்வதை மட்டும் மறந்துவிடாதீர்கள், ஏனெனில் பல வீடுகளில் செல்போன் அண்ணன் கையிலேயே தங்கிவிடுகிறது. தாளில் மூன்று கட்டம் போடுங்கள். விளையாட்டில் வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெயர், ஆணா பெண்ணா, அது செய்யும் வினைகள். அரை மணி நேரத்தில் ஒரு பட்டியல் கிடைக்கும். ஊரில் கூத்து நடந்தால் அதற்கும் ஒரு பட்டியல் போடுங்கள். தமிழ்ப் பாடநூலின் துணைப்பாடக் கதைகளுக்கும் போடலாம். வகுப்பில் நாற்பது பேர் நாற்பது பட்டியல் கொண்டுவந்தால், கூட்டி விழுக்காடு கண்டுபிடிப்பது கணக்கு ஆசிரியரின் உதவியோடு ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் செய்ததும் பெரிய அளவில் இதுதான்.

கணிப்பொறி வசதி உள்ள பள்ளி மாணவர்கள் ஔவையின் தூதை எழுதிப் பார்க்கலாம். வசதி இல்லாதவர்கள் தாளிலேயே செய்யலாம். கட்டங்களும் அம்புக்குறிகளும் போதும். பத்துக் கட்டம் வேண்டாம், ஐந்து போதும். ஒவ்வொன்றிலும் ஔவைக்கு மூன்று பேச்சு. தொண்டைமானின் மகிழ்ச்சி, ஐயம், கோபம் மூன்றும் எங்கே பிரிகின்றன, எங்கே கூடுகின்றன என்று ஒகேனக்கல் பாறைகளைப்போல வரைந்துகொள்ளுங்கள். போர் மூளும் முடிவு ஒன்று, மூளாத முடிவு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். நீங்கள் வரைந்ததைத் தகடூர்க் கதை தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். அவர் எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்துப் பேச்சை மட்டும் திருத்தி எழுதுங்கள்.